மூன்று மதிப்பெண் பாக்கி

முப்பத்து மூன்று வருடம் கல்லூரியில் விலங்கியல் பாடம் நடத்தினேன். எத்தனை ஆயிரம் விடைத்தாள்களைத் திருத்தியிருப்பேன் என்று எனக்கே தெரியாது. அவற்றில் ஒரே ஒரு தாள்தான் இன்றுவரை மனதை உறுத்துகிறது. அதைப் பற்றி எழுத வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். கொஞ்சம் அறிவியல் வரலாறும் சேர்ந்து வரும், பொறுமையாகப் படியுங்கள்.

1980களின் கடைசி. எம்.எஸ்ஸி. முதலாண்டு வகுப்புக்கு மரபியல் தாள் என் பொறுப்பில் இருந்தது. இன்டர்னல் டெஸ்ட்டில் ஐந்து மதிப்பெண்ணுக்கு ஒரு கேள்வி கேட்டிருந்தேன். 'ஒரே குறைபாடு உள்ள இரண்டு மியூட்டன்ட்களின் ஜீன்களை ஒரே செல்லுக்குள் சேர்த்து வைத்தால் குறை நீங்கிவிடுகிறது. இதிலிருந்து என்ன முடிவுக்கு வருவீர்கள்?'

எதிர்பார்த்த விடை ஒரு வரிதான்: இரண்டு பிழைகளும் வெவ்வேறு ஜீன்களில் இருக்கின்றன. நாம் சின்ன வயதில் கேட்ட கதைதான் இது. கண் தெரியாதவர் தோளில் கால் நடக்காதவர் ஏறிக்கொள்கிறார். இவர் வழி சொல்ல, அவர் நடக்க, இருவரும் ஊர் போய்ச் சேருகிறார்கள். ஒருவரிடம் இல்லாதது மற்றவரிடம் இருப்பதால்தான் அது முடிகிறது. இருவருக்குமே கால் நடக்காது என்றால் யார் யாரைத் தூக்குவது? அதனால் இரண்டு பிழையும் ஒரே ஜீனில் இருந்தால் குறை நீங்காது. இப்படித்தான் நான் வகுப்பில் நடத்தியிருந்தேன்.

ஒரு மாணவி அந்த ஒரு வரியை எழுதிவிட்டுக் கீழே இன்னும் நான்கு வரி எழுதியிருந்தாள். ஹீமோகுளோபின் போல, அந்த நொதியும் பல புரதச் சங்கிலிகள் சேர்ந்து அமைந்ததாக இருந்தால், ஒரே ஜீனில் இரண்டு வெவ்வேறு இடங்களில் பிழை இருந்தாலும், இரண்டு பழுதுச் சங்கிலிகளும் ஒன்றாகச் சேர்ந்து வேலை செய்யலாம் அல்லவா என்று. நான் அந்த நான்கு வரிகளையும் சிவப்பு மையால் அடித்துவிட்டு, இரண்டு மதிப்பெண் போட்டேன். சரியான விடையை எழுதிவிட்டுத் தானே அதைக் குழப்பிவிட்டாள் என்பது என் கணக்கு.

மறுநாள் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து நின்றாள். "சார், அப்படி நடக்கவே நடக்காதா சார்?" என்று கேட்டாள்.

"நடக்காதும்மா. புத்தகத்துல இருக்கறத எழுது, போதும்" என்றேன். சரிங்க சார் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இது நடந்து ஐந்தாறு வருடம் கழித்து, 1994இல், ஒரு பல்கலைக்கழகத்தில் ஆசிரியர்களுக்கான புத்தாக்கப் பயிற்சிக்குப் போயிருந்தேன். மூன்று வாரம். அங்கேதான் முதன்முதலாக நீலமும் வெள்ளையுமாகப் புள்ளி புள்ளியாக பாக்டீரியா வளர்ந்த ஒரு பெட்ரி தட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். பயிற்சி கொடுத்தவர் என்னைவிடப் பத்து வயது இளையவர். அவர் விளக்கினார்: "சார், இந்த ஈ.கோலையோட குரோமோசோம்ல இருக்கற பீட்டா-கேலக்டோசிடேஸ் ஜீன் முன்பக்கத்துல உடைஞ்சது. நாம உள்ளே விடுற பிளாஸ்மிட்ல அதே ஜீனோட முன்பக்கத் துண்டு மட்டும்தான் இருக்கு. தனித்தனியா ரெண்டும் உபயோகமில்லை. செல்லுக்குள்ள ரெண்டு புரதமும் ஒட்டிக்கிட்டா நொதி வேலை செய்யும், காலனி நீலமாயிடும்."

ஒரே ஜீன். இரண்டு பழுது. சேர்ந்தால் வேலை செய்கிறது. எனக்கு அந்த நான்கு வரிகளும் சிவப்பு மையும் ஞாபகம் வந்தன. அன்று மாலையே நூலகத்துக்குப் போனேன். பயிற்சி முடியும்வரை தினமும் போனேன். அங்கே படித்ததையும், பின்னால் படித்துச் சேர்த்ததையும்தான் இங்கே சொல்கிறேன்.

கதை 1941இல் தொடங்குகிறது. ஜார்ஜ் பீடில், எட்வர்ட் டேட்டம் என்ற இரண்டு அமெரிக்கர்கள் நியூரோஸ்போரா என்ற ரொட்டிப் பூஞ்சையை வைத்து, ஒரு ஜீன் கெட்டால் ஒரு நொதி கெடுகிறது என்று காட்டினார்கள். நொதி என்பது செல்லுக்குள் ஒரு குறிப்பிட்ட வேதிவினையை நடத்தித் தரும் புரதம். 'ஒரு ஜீன், ஒரு நொதி' என்ற வாய்ப்பாடு அதிலிருந்து வந்தது. 1958இல் இருவருக்கும் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அடுத்து வந்தவர் சீமூர் பென்சர். பாக்டீரியாவைத் தாக்கும் டி4 என்ற வைரஸை வைத்து 1950களில் அவர் ஒரு சோதனையைச் செம்மைப்படுத்தினார். இரண்டு பழுது வைரஸ்களை ஒரே பாக்டீரியாவுக்குள் விட வேண்டும். அவை பெருகினால் பழுதுகள் வெவ்வேறு ஜீன்களில் உள்ளன. பெருகாவிட்டால் ஒரே ஜீனில் உள்ளன. இந்தச் சோதனையால் அடையாளம் காணும் அலகுக்கு 1957இல் 'சிஸ்ட்ரான்' என்று பெயரும் வைத்தார். நான் வகுப்பில் நடத்தியது இதைத்தான். மிக நல்ல விதி. பெரும்பாலும் சரியாகவும் இருக்கும்.

ஆனால் அதே 1957இல் இந்த விதிக்கு அடங்காத ஒரு சேதி வந்தது. ஃபின்சாம், பேட்மன் என்ற இருவர், நியூரோஸ்போராவில் குளூட்டமேட் டிஹைட்ரோஜினேஸ் என்ற நொதியை உண்டாக்க முடியாத மியூட்டன்ட்களைச் சேர்த்துப் பார்த்தார்கள். இந்தப் பூஞ்சையில் ஒரு வசதி உண்டு. இரண்டு வகைப் பூஞ்சை இழைகள் இணைந்தால், இரண்டின் உட்கருக்களும் தனித்தனியாகவே ஒரே செல் திரவத்தில் குடியிருக்கும். ஒரே ஜீனில் பழுதான இரண்டு மியூட்டன்ட்களை அப்படிக் குடிவைத்தபோது, சில ஜோடிகளில் நொதி கொஞ்சம் வந்தது. வரவே கூடாதது வந்துவிட்டது.

இதற்கு இரண்டு விளக்கம் சொல்லலாம். இரண்டு ஜீன்களும் எங்கோ உரசித் துண்டுகளை மாற்றிக்கொண்டு ஒரு நல்ல ஜீன் உருவாகியிருக்கலாம். அல்லது ஜீன்கள் அப்படியே இருக்க, அவற்றிலிருந்து வந்த புரதங்கள் தங்களுக்குள் ஏதோ செய்துகொண்டிருக்கலாம். எது சரி என்று பார்க்க ஒரு வழி உண்டு. செல்களை உடைத்துச் சாறு எடுத்து, சோதனைக் குழாயில் கலந்து பார்க்க வேண்டும். 1959இல் வுட்வர்ட் என்பவர், நியூரோஸ்போராவின் வேறொரு நொதியில் இதைச் செய்தார். செல்லே இல்லாத இடத்தில், வெறும் சாறுகள் கலந்த குழாயில், நொதியின் வேலை திரும்பி வந்தது. ஆக, விஷயம் புரதத்தில்தான் இருக்கிறது.

இதைத் துப்புரவாக நிரூபித்தது பாக்டீரியாதான். ஈ.கோலையில் ஆல்கலைன் பாஸ்படேஸ் என்ற நொதி இருக்கிறது. இதே குடும்பத்து நொதி நம் உடம்பிலும் உண்டு; கல்லீரல் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏ.எல்.பி. என்று போட்டிருப்பார்களே, அதுதான். பாக்டீரியாவின் இந்த நொதி, அச்சு அசல் ஒரே மாதிரியான இரண்டு சங்கிலிகள் ஜோடி சேர்ந்து அமைந்தது. துத்தநாகம் இல்லாமல் வேலை செய்யாது.

1963இல் அமெரிக்காவில் மில்டன் ஷ்லெசிங்கரும் சைரஸ் லெவிந்தாலும், இந்த நொதியின் ஜீனில் வெவ்வேறு இடத்தில் பழுதான பாக்டீரியாக்களை எடுத்துக்கொண்டார்கள். அவற்றின் பழுதான புரதங்களைப் பிரித்தெடுத்து, ஜோடிகளை ஒற்றைச் சங்கிலிகளாகக் கழற்றினார்கள். பிறகு இரண்டு வகைச் சங்கிலிகளையும் கலந்து, மறுபடி ஜோடி சேர விட்டார்கள். முதல் வகையைத் தனியாகச் சேர விட்டால் வேலை இல்லை. இரண்டாம் வகையும் அப்படித்தான். கலந்து விட்டபோது வேலை செய்தது.

கணக்குப் பாருங்கள். இரண்டு வகையையும் சமமாகக் கலந்து, யார் யாருடன் வேண்டுமானாலும் சேரலாம் என்று விட்டால், கால் பங்கு முதல் வகை ஜோடி, கால் பங்கு இரண்டாம் வகை ஜோடி, மீதி அரைப் பங்கு கலப்பு ஜோடி. வேலை செய்ததெல்லாம் அந்தக் கலப்பு ஜோடிதான். அதுவும் இயல்பான நொதி அளவுக்கு இல்லை, குறைவாகத்தான். அதே ஆண்டு, அதே இதழில், அடுத்த கட்டுரையாக, கேரன் என்ற பெயர் கொண்ட இருவர் உயிருள்ள பாக்டீரியாவுக்குள்ளேயே இந்த நொதியில் இது நடப்பதைக் காட்டியிருந்தார்கள்.

சாதாரணமாக பாக்டீரியாவில் ஒவ்வொரு ஜீனும் ஒரு பிரதிதான் இருக்கும். எஃப் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இரண்டாவது பிரதியை ஏற்றி அனுப்பும் வித்தை அதற்குச் சில வருடங்களுக்கு முன்புதான் கைவந்திருந்தது. அது இல்லையென்றால் இந்தக் கேள்வியை பாக்டீரியாவிடம் கேட்டிருக்கவே முடியாது.

இரண்டு பழுது எப்படி ஒன்றையொன்று சரிசெய்யும்? 1964இல் ஃபிரான்சிஸ் கிரிக்கும் லெஸ்லி ஆர்கெலும் ஐந்து பக்கத்தில் ஒரு விளக்கம் எழுதினார்கள். டி.என்.ஏ. கிரிக்தான். நான் புரிந்துகொண்ட விதத்தில் சொல்கிறேன். புரதச் சங்கிலி மடிந்து ஓர் உருவம் எடுக்கிறது. ஒரு பிழையால் அதன் ஒரு பக்கம் கோணலாகிறது என்று வையுங்கள். அதே கோணல் உள்ள இன்னொரு சங்கிலி வந்து சேர்ந்தால் கோணலும் கோணலும் முட்டிக்கொண்டு நிற்கும். ஆனால் வந்து சேரும் சங்கிலிக்கு அந்த இடம் நேராக இருந்து, வேறோர் இடம் கோணலாக இருந்தால்? இதன் நேரான பக்கம் அதன் கோணலை அழுத்தி நிமிர்த்தும். அதன் நேரான பக்கம் இதன் கோணலை நிமிர்த்தும். பந்தல் போடும்போது, தனியாக நட்டால் சாய்ந்துவிடும் இரண்டு கம்புகளை எதிரெதிராகச் சாய்த்துக் கட்டினால் நிற்கிறதல்லவா, அப்படி.

என் கதையில் எங்கே தப்பு என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது. இருவருக்கும் கால் நடக்காது என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். ஒருவருக்கு முழங்காலில் கோளாறு, மற்றவருக்குக் கணுக்காலில் கோளாறு என்று நான் யோசிக்கவில்லை. அவள் யோசித்திருந்தாள்.

இனி அந்த நீல நிறக் காலனிக்கு வருகிறேன். அது பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தின் கதை. ஈ.கோலை பால் சர்க்கரையான லாக்டோஸை உடைக்கப் பயன்படுத்தும் நொதி பீட்டா-கேலக்டோசிடேஸ். நான்கு சங்கிலிகள் சேர்ந்தது. ஒவ்வொன்றிலும் 1023 அமினோ அமிலங்கள். ஜாக் மோனோவும் பிரான்சுவா ஜேக்கபும் ஜீன்கள் எப்படி இயங்குகின்றன, எப்படி அடங்குகின்றன என்று கண்டுபிடித்தது இதை வைத்துத்தான். இருவரும் போரைப் பார்த்தவர்கள். மோனோ ஜெர்மானிய ஆக்கிரமிப்பை எதிர்த்த ரகசியப் படையில் இருந்தவர். ஜேக்கப் 1944இல் நார்மண்டியில் படுகாயம் பட்டு, அறுவை மருத்துவராகும் கனவை விட்டவர்.

அவர்களோடு வேலை செய்தவர் ஆக்னஸ் உல்மன். 1927இல் பிறந்த ஹங்கேரியப் பெண்மணி. 1956இல் ஹங்கேரியில் எழுந்த கிளர்ச்சியை சோவியத் படை நசுக்கிய பிறகு, அங்கே வாழ முடியாமல் தவித்தார். 1958இல் பாரிஸ் வந்தபோது மோனோவைச் சந்தித்தார். மோனோ பழைய ரகசியப்படைக்காரர் அல்லவா, அவரைத் தப்பவைக்கத் திட்டம் போட்டுக் கொடுத்தார். 1960இல் உல்மனும் அவர் கணவரும், சுற்றுலாப் பயணிகள் இழுத்துச் செல்லும் ஒரு வண்டியில், குளியல் தொட்டிக்கு அடியில் ஒளிந்து எல்லையைக் கடந்து ஆஸ்திரியா போய்ச் சேர்ந்தார்கள். அப்படி வந்தவர்தான் பாஸ்டர் நிறுவனத்தில் சேர்ந்து இந்த வேலையைச் செய்தார்.

அங்கே டேவிட் பெரின் என்பவர், பீட்டா-கேலக்டோசிடேஸ் ஜீனில் பழுதான பாக்டீரியாக்களைச் சேர்த்தால் சில ஜோடிகளில் நொதி மீள்வதை 1963இல் எழுதியிருந்தார். உல்மன் அதைச் சோதனைக் குழாய்க்குக் கொண்டுபோனார். ஜீனின் முன்பகுதி கெட்ட பாக்டீரியாவின் சாற்றோடு, முன்பகுதி மட்டும் நன்றாக உள்ள இன்னொன்றின் சாற்றைக் கலந்தார். நொதி வேலை செய்தது. அந்த முன்பகுதித் துண்டைச் சுத்தப்படுத்தி எடுத்து 1965இல் பெரின், ஜேக்கப், மோனோவோடு சேர்ந்து வெளியிட்டார். அதே ஆண்டுதான் மோனோ, ஜேக்கப், ஆந்த்ரே ல்வாஃப் மூவருக்கும் நோபல் கிடைத்தது. அந்தத் துண்டுக்கு ஆல்ஃபா என்று பெயர். அது மகா கெட்டி. முழு நொதியை ஆட்டோகிளேவில் வேகவைத்தால் நொதி செத்துவிடும். ஆனால் அந்தக் கஞ்சியிலிருந்தும் ஆல்ஃபாவின் வேலையைச் செய்யும் துண்டு கிடைக்கும் என்று பின்னால் கண்டார்கள்.

எம்15 என்ற மியூட்டன்ட்டில் முன்பக்கத்தில் 11 முதல் 41 வரை முப்பத்தொரு அமினோ அமிலங்கள் இல்லை. 1023இல் முப்பத்தொன்று. அவ்வளவுதான் குறை. ஆனால் அதனால் நான்கு சங்கிலிகள் சேர முடியாமல் இரண்டிரண்டாக நின்றுவிடுகின்றன. ஆல்ஃபா துண்டு வந்து அந்த இடத்தில் பொருந்தியதும் நான்கும் கூடிவிடுகின்றன. ஏன் நான்கும் கூட வேண்டும் என்பது 1994இல் இந்த நொதியின் முப்பரிமாண அமைப்பு வெளியான பிறகு தெளிவானது. ஒவ்வொரு சங்கிலியின் வேலை செய்யும் குழிக்கும் ஒரு சிறு வளைவு பக்கத்துச் சங்கிலியிலிருந்து நீண்டு வந்து சேர வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் கை கொடுக்காமல் இந்த வீட்டில் அடுப்பு எரியாது.

1977இல் ஜெர்மனியில் ஜோக்கிம் மெஸ்ஸிங் என்ற இளைஞர் இதை ஒரு கருவியாக்கினார். ஆல்ஃபா துண்டின் ஜீனை எம்13 என்ற வைரஸில் வைத்தார். எம்15 வகைப் பழுது உள்ள பாக்டீரியாவுக்குள் அது போனால் நொதி உயிர்பெறும். எக்ஸ்-கால் என்ற நிறமற்ற பொருளை அது உடைத்து நீலமாக்கும். அந்த நீலம், நம் ஊரில் அவுரியிலிருந்து எடுத்தார்களே, அந்தச் சாயத்துக்கு நெருங்கிய உறவு. இப்போது ஆல்ஃபா ஜீனின் நடுவில் நமக்கு வேண்டிய டி.என்.ஏ.வைச் செருகினால் ஆல்ஃபா கெடும், நீலம் வராது. வெள்ளையாக இருப்பதைப் பொறுக்கி எடுத்தால் போதும். 1982இல் இதே முறையில் பி.யு.சி. பிளாஸ்மிட்களை வியெரா என்பவரோடு சேர்ந்து வெளியிட்டார். காப்புரிமை எதுவும் எடுக்காமல், கேட்டவர்களுக்கெல்லாம் அனுப்பிக்கொடுத்தார். மனித ஜீனோமைப் படித்த வேலையில் இந்தக் குடும்பத்து வாகனங்கள் நிறையவே ஓடியிருக்கின்றன. 1994இல் என் கையில் இருந்த தட்டும் அந்த வகைதான்.

மனிதரிலும் இது உண்டு. ஆர்ஜினினோசக்சினேட் லையேஸ் என்ற நொதி குறைந்தால் குழந்தையின் ரத்தத்தில் அமோனியா ஏறும். இதுவும் நான்கு சங்கிலி கொண்டது. சில நோயாளிகளின் செல்களை ஜோடி சேர்த்தபோது, ஒரே ஜீனின் இரண்டு வெவ்வேறு பழுதுகள் சேர்ந்து கொஞ்சம் நொதி மீள்வதைப் பார்த்திருக்கிறார்கள். அப்பாவிடமிருந்து ஒரு பழுது, அம்மாவிடமிருந்து வேறொரு பழுது என்று வரும் குழந்தைக்கு, அபூர்வமாகவேனும், இந்தச் சலுகை கிடைக்கலாம். சொந்தத்தில் கல்யாணம் செய்யும்போது இருவரிடமிருந்தும் அதே பழுது வர வாய்ப்பு அதிகம். அங்கே கோணலும் கோணலும்தான் முட்டும். எதிர்மாறாக, ஒரு கெட்ட சங்கிலி நல்ல சங்கிலியோடு சேர்ந்து அதையும் கெடுப்பதும் நடக்கிறது. சேர்ந்தாலே நன்மை என்று சொல்லிவிட முடியாது. யார் யாருடன், எந்த இடத்தில் என்பதைப் பொறுத்தது.

பயிற்சி முடிந்து வந்தபின், அந்தப் பாடத்தை நடத்தும்போதெல்லாம் விதியோடு 'பெரும்பாலும்' என்ற ஒரு சொல்லைச் சேர்த்துக்கொண்டேன். ஷ்லெசிங்கரின் சோதனையைக் கரும்பலகையில் போட்டுக் காட்டுவேன். ஆனால் யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவள் எப்போதோ படித்து முடித்துப் போயிருந்தாள்.

நான்கு வருடத்துக்கு முன் பழைய மாணவர் சந்திப்பில் அவளைப் பார்த்தேன். அரசுப் பள்ளியில் முதுகலை ஆசிரியை. தலையில் நரை. தனியாகக் கூப்பிட்டு, "அம்மா, அன்னைக்கு நீ எழுதினது சரிம்மா. நான்தான் தப்பா அடிச்சிட்டேன்" என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னேன்.

அவள் முழிக்கிறாள். "அப்படியா சார்? நான் அப்படி எழுதினேனா? எனக்கு ஞாபகமே இல்லையே!" என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. இத்தனை வருடம் சுமந்தது நான் மட்டும்தானா?

கொஞ்ச நேரம் கழித்து அவளே சொன்னாள்: "சார், கேள்வி ஞாபகம் இல்லை. ஆனா அதுக்கப்புறம் உங்க பேப்பர்ல நான் புத்தகத்துல இருக்கறதத் தாண்டி எதுவும் எழுதினதில்லை, அது ஞாபகம் இருக்கு." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள்.

மூன்று மதிப்பெண்ணை எப்படியாவது தீர்த்துவிடலாம். இதற்கு என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. இந்தப் பக்கத்தைப் படிக்கும் ஆசிரியர்கள் யாராவது இருந்தால், விடைத்தாளில் கேட்காத நான்கு வரி அதிகமாக எழுதியிருந்தால், அடிப்பதற்கு முன் ஒரு தடவை நூலகத்துக்குப் போய்வாருங்கள்.